நாட்டின் தொழிற்பயிற்சி வரலாறும் நம் உழைப்பாளிகளும்



பள்ளி இறுதித் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற நம் பிள்ளைகளின் படங்களும் பெயர்களும் இம்மலரின் வேறு பக்கங்களில் இடம்பெற்றுள்ளன. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது வேறொரு கூட்டத்தாரைப் பற்றியது. எட்டாம் வகுப்போடும் ஒன்பதாம் வகுப்போடும் பள்ளியை விட்டு நீங்கி, வெல்டிங் பட்டறையிலும் தையற்கடையிலும் தோல் ஷாப்பிலும் கட்டட வேலையிலும் கை பழகியவர்கள் இவர்கள். மஹல்லா சந்தாப் பதிவேடுகளில் ‘தொழில்’ என்னும் கட்டத்தில் இவர்களுக்கு நேரே பெரும்பாலும் ‘கூலி’ என்ற ஒரு சொல்லே காணப்படும். இருபதாண்டு அனுபவமுள்ள வெல்டரும் நேற்றுச் சேர்ந்த உதவியாளும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுவர்.

இத்தகையோருக்குத் தொழில் கற்பிக்கவும் வழிகாட்டவும் இந்நாட்டில் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அரசின் ஏற்பாடுகள் இருந்துவருகின்றன. அவை எவ்வாறு தோன்றின, எவருக்குப் பயன்பட்டன, கையில் தொழிலிருந்தும் சான்றில்லாதவர் ஏன் வாயிலுக்கு வெளியே நின்றார் என்பதை ஈண்டு காண்போம்.

போர்க்காலத்தில் பிறந்த பயிற்சி

சென்னை மாகாணத்தில் தொழிற்கல்விக்கு முன்னரே ஒரு மரபு இருந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அப்பள்ளியில்தான் ஆல்பிரட் சாட்டர்ட்டன் 1898 முதல் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியை மேற்கொண்டார். குரோம் முறையில் தோல் பதனிடுவதை இம்மாகாணத்தில் பரப்பியவரும் அவரே. 1915இல் சென்னையில் தோல் தொழிற்பள்ளி ஏற்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத் தோல் வணிகத்தில் நம் சமுதாயத்தார் நெடுங்காலம் முன்னின்றவர்கள் என்பதை அனைவரும் அறிவர். ஆனால், பதனிடும் தொட்டிகளில் இறங்கி வேலை செய்தவர்கள் தொழிலைக் கற்றது பள்ளியில் அன்று, தொட்டியடியிலேதான்.

நாடு தழுவிய ஏற்பாடு என்பது இரண்டாம் உலகப்போரின்போதே உருவாயிற்று. ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் இராணுவப் பட்டறைகளுக்கும் பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் போன்றோர் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டனர். ஆகவே 1940இல் போர்த் தொழில்நுட்பப் பணியாளர் பயிற்சித் திட்டம் கொண்டுவரப்பட்டது. மறு ஆண்டே, பிரிட்டனின் தொழிலாளர் அமைச்சராயிருந்த எர்னெஸ்ட் பெவினின் பெயரால் மற்றொரு திட்டம் வந்தது. இந்தியத் தொழிலாளர் இளைஞர்கள் கப்பலேறி இங்கிலாந்து சென்று, அங்குள்ள பயிற்சி நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் பழகித் திரும்பினர். ‘பெவின் பையன்கள்’ என்று அவர்கள் அழைக்கப்பட்டனர். இதே பெயரால் பின்னாளில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்ட ஆங்கில இளைஞர்களும் அழைக்கப்பட்டதால், நம்மவர் கதை அதிலே மறைந்துபோயிற்று. சாதாரணப் பட்டறைத் தொழிலாளியை அரசு தன் செலவில் கடல் கடந்து அனுப்பிப் பயிற்றுவித்தது அக்காலத்தில் சிறிய காரியம் அன்று.

போர் முடிந்தபோது இந்தியப் படையில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் இருந்தனர். அவர்களைத் திருப்பியனுப்ப வேண்டும். அனுப்பினால் வேலைக்கு எங்கே போவார்கள்? இக்கேள்விக்கு விடையாகவே 1945 ஜூலையில் மறுகுடியமர்வு மற்றும் வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் அமைக்கப்பட்டது. நாம் இன்று அறிந்துள்ள வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தொடக்கம் இதுவே. முதலில் படைவீரர்க்கும் போர்த் தொழிற்சாலைகளிலிருந்து நீக்கப்பட்டோர்க்கும் மட்டுமே அதன் கதவு திறந்திருந்தது.

பிரிவினை கற்பித்த பாடம்

1947இல் இந்த ஏற்பாட்டின் மீது பெருஞ்சுமை வந்து விழுந்தது. எல்லை கடந்து வந்த அகதிகளுக்கும் பயிற்சி அளிக்குமாறு திட்டம் விரிவாக்கப்பட்டது. 1948இல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் எல்லா வகையான விண்ணப்பதாரர்க்கும் பொதுவாயின.

இவ்விடத்தில் சற்று நின்று நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. கிழக்குப் பஞ்சாபிலிருந்து பாகிஸ்தான் சென்ற முஸ்லிம்களில் நெசவாளர், கொல்லர், குயவர், தச்சர், தோல் வேலை செய்வோர் பெருந்தொகையினர். மேற்கிலிருந்து வந்த அகதிகளிலோ வணிகரும் கடைக்காரரும் எழுத்தரும் மிகுதி. ஒரே ஆண்டில் ஊர் ஊராகக் கைத்தொழிலாளர் இல்லாமற்போயினர். பானிபட் நகரின் முஸ்லிம் நெசவாளர்கள் நீங்கிய இடத்தில், வந்து குடியேறியவர்களைக் கொண்டு தறித்தொழிலை மீண்டும் கட்டியெழுப்ப வேண்டியதாயிற்று. சென்றவர்களில் எவரும் தம் தொழிலைப் பயிற்சி நிலையத்தில் கற்றவரல்லர். அவர்களிடம் சான்றிதழும் இருந்ததில்லை. அவர்கள் இருந்தவரை அவர்களின் கைத்திறனை எந்தப் பதிவேடும் கணக்கில் கொள்ளவில்லை. அவர்கள் சென்ற பிறகே, அத்திறனுக்கு எத்தனை மாதப் பயிற்சி, எவ்வளவு செலவு என்ற கணக்கு எழுதப்பட்டது.

குருக்ஷேத்திர அகதி முகாமில் எஸ்.கே.தே என்னும் பொறியாளர் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1948இல் அது நீலோக்கேரி என்னும் சதுப்பு நிலத்திற்கு மாற்றப்பட்டு, அதைச் சுற்றி ஒரு புதிய ஊரே எழுந்தது. ‘மஸ்தூர் மன்ஸில்’, அதாவது உழைப்பாளியின் இல்லம் என்று அவர் தம் திட்டத்திற்குப் பெயரிட்டார். பயிற்சி பெறுவோரே தம் வீட்டையும் பட்டறையையும் கட்டிக்கொண்டனர். பிற்காலத்தில் அவர் மத்திய அமைச்சரானார். இந்நாட்டுத் தொழிற்பயிற்சி வரலாற்றில், கற்பவன் பள்ளியில் எத்தனாவது வகுப்பு படித்தான் என்று முதலில் கேளாத ஓர் இடம் உண்டென்றால், அது நீலோக்கேரி என்றே நாம் கருதுகிறோம்.

வாயிற்படியின் உயரம்

1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் பொதுமக்களுக்காகத் தொடங்கப்பட்டது. இன்று நாம் ஐ.டி.ஐ. என்று சொல்லும் தொழிற்பயிற்சி நிலையங்கள் இதன்கீழ் வந்தவையே. பி.சிவராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, இந்நிலையங்களின் அன்றாட நிருவாகமும் வேலைவாய்ப்பு அலுவலகங்களின் நிருவாகமும் 1956 நவம்பர் 1 முதல் மாநில அரசுகளிடம் ஒப்படைக்கப்பட்டன. பாடத்திட்டமும் தேர்வும் நாடெங்கும் ஒரே சீராக இருக்க வேண்டி, அதே 1956இல் தேசியத் தொழிற்பயிற்சிக் குழு அமைக்கப்பட்டது. அகில இந்தியத் தொழில் தேர்வில் தேறியவர்க்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் வழங்கப்பட்டது. கன்னியாகுமரியில் பெற்ற சான்று கல்கத்தாவிலும் செல்லும்.

இது நல்ல ஏற்பாடு, ஐயமில்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பல இலட்சம் பேர் இதனால் ரயில்வேயிலும் மின்வாரியத்திலும் பொதுத்துறை ஆலைகளிலும் நிலையான வேலை பெற்றனர். ஆயினும் வாயிற்படியின் உயரத்தைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான தொழிற்பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். சிலவற்றுக்கே எட்டாம் வகுப்பு போதும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் உள்ளே வர இயலாது. பகல் முழுதும் ஓராண்டோ ஈராண்டோ வந்தாக வேண்டும். குடும்பத்துக்குச் சம்பாதிப்பவன் கூலியை விட்டுவிட்டு எப்படி வருவான்?

1961இல் தொழில் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. குறிப்பிட்ட தொழிற்சாலைகள் குறிப்பிட்ட விகிதத்தில் பழகுநர்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்க வேண்டும் என்றது சட்டம். இந்நாட்டில் உண்மையில் தொழில் பழகும் பிள்ளைகளில் மிகப்பலர் அத்தகைய ஆலைகளில் இல்லை. மெக்கானிக் ஷெட்டிலும் தச்சுப் பட்டறையிலும் உஸ்தாதின் அருகே குந்தியிருந்து, முதலில் தேநீர் வாங்கி வந்து, பிறகு ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, பிறகு கை வைக்கத் தொடங்கும் அவனைச் சட்டம் காணவில்லை. சட்டம் ‘பழகுநர்’ என்றது. பட்டறை ‘பையன்’ என்றது. முன்னவனுக்கு உதவித்தொகையும் முடிவில் சான்றும் உண்டு. பின்னவனுக்கு வாரக்கடைசியில் கைச்செலவுக்குப் பணமும், பெருநாளைக்கு ஒரு சட்டையும் உண்டு.

வழிகாட்டுதல் எவருக்குக் கிட்டியது?

பயிற்சியோடு வழிகாட்டுதலும் வேண்டும் என்பதை அரசு இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்திலேயே உணர்ந்தது. வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தொழில்நெறி வழிகாட்டும் பிரிவுகள் ஏற்பட்டன. பின்தங்கியோரில் சில பிரிவினர்க்குத் தனி ஏற்பாடுகளும் வந்தன. மாற்றுத் திறனாளிகளுக்காக முதல் இரு தொழில்சார் மறுவாழ்வு மையங்கள் 1968இல் பம்பாயிலும் ஐதராபாத்திலும் திறக்கப்பட்டன. பின்னர்ச் சென்னை கிண்டியிலும் ஒன்று வந்தது. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் பயிற்சியும் வழிகாட்டுதலும் தரும் மையங்கள் 1969-70இல் முதற்கட்டமாக நான்கு நகரங்களில் அமைந்தன. தில்லி, ஜபல்பூர், கான்பூர் ஆகியவற்றோடு நம் சென்னையும் அவற்றுள் ஒன்று. பெண்களுக்கான தேசியத் தொழிற்பயிற்சி நிலையம் 1977இல் வந்தது. இவையனைத்தும் மிகத் தேவையானவை. அவற்றால் பயன்பெற்றோர் பலர்.

மற்றையோர்க்கு வேலைவாய்ப்பு அலுவலகம் வரிசையில் நிற்கும் இடமாகவே சுருங்கிற்று. பதிவு செய்தல், மூன்றாண்டுக்கொரு முறை புதுப்பித்தல், பதிவு மூப்புப்படி அழைப்பு வரும் எனக் காத்திருத்தல் — நம்மில் நாற்பது வயதைக் கடந்த எவருக்கும் இது தெரியும். அரசு வேலைக்கு அலுவலகம் அனுப்பும் பெயர்ப்பட்டியலே போதாது, பொது விளம்பரமும் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்த பின் அந்த அட்டையின் மதிப்பு மேலும் குறைந்தது. என்ன தொழில் கற்கலாம், எங்குக் கற்கலாம், உனக்குத் தெரிந்ததை எப்படிச் சான்றாக்கலாம் என்று சொல்லும் பணி, அந்த நீண்ட வரிசையின் பின்னே எங்கோ மறைந்துவிட்டது.

வழிகாட்டுதல் இல்லாத தொழிற்கல்வி எங்குக் கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழகம் நேரில் கண்டதுண்டு. 1953இல் இராஜாஜியின் ஆட்சியில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழில் என்ற திட்டம் வந்தது. குலக்கல்வி என்று அதற்கு எதிர்ப்பு மூண்டது. 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. கைத்தொழில் கற்பதை எவரும் எதிர்க்கவில்லை. தந்தையின் தொழிலே மகனுக்கு என்று பிறர் முடிவு செய்ததையே எதிர்த்தனர். பத்தமடையில் பாய் நெய்யும் தாயின் மகள், தான் விரும்பினால் பாய் நெய்யலாம். விரும்பினால் கணினி கற்கலாம். இரண்டையும் அவளுக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அதுதான் வழிகாட்டுதல்.

2006க்குப் பின்

2005 மார்ச்சில் நியமிக்கப்பட்டு 2006 நவம்பரில் அறிக்கை அளித்த நீதியரசர் இராஜிந்தர் சச்சார் குழுவைப் பற்றிப் பேசாத சமுதாய மேடை இல்லை. பெரும்பாலும் நாம் இடஒதுக்கீட்டையும் அரசுப் பணிகளில் நம் விழுக்காட்டையுமே பேசுகிறோம். அதே அறிக்கையில் தொழிற்பயிற்சி குறித்துச் சொல்லப்பட்டவை அதிகம் பேசப்படவில்லை. முஸ்லிம் தொழிலாளரில் சுயதொழில் செய்வோர் 61 விழுக்காடு என்று அக்குழு கணக்கிட்டது. ஐ.டி.ஐ. சேர்க்கைத் தகுதியை எட்டாம் வகுப்பாகக் குறைக்க வேண்டும், முறைசாராத் தொழில்களுக்கும் சுயதொழிலுக்கும் ஏற்ற பாடங்கள் வேண்டும், மதரஸாவில் பயின்றவர்க்கும் சேர்க்கை தர வேண்டும் என்பவை அதன் கருத்துகள். தமிழ்நாட்டில் முஸ்லிம்களின் எழுத்தறிவு 2001 கணக்கெடுப்பின்படி 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரியைவிட உயர்வு. ஆகவே வடமாநிலங்களின் நிலையை அப்படியே இங்குப் பொருத்திப் பார்ப்பது சரியன்று. நம் இடர்ப்பாடு எழுத்தறியாமை அன்று. எட்டாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையே நிகழும் இழப்பு.

அக்காலத்து நாட்டு நிலையையும் கூற வேண்டும். 2004-05ஆம் ஆண்டுத் தேசிய மாதிரி ஆய்வின்படி, 15 முதல் 29 வயது வரையுள்ளோரில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர் ஏறத்தாழ 2 விழுக்காட்டினர். பட்டறையிலோ வீட்டிலோ முறைசாராது கற்றவர் 8 விழுக்காட்டினர். பதினோராம் ஐந்தாண்டுத் திட்ட ஆவணம் நாடு முழுவதும் 5,114 ஐ.டி.ஐ.க்களில் 7.42 இலட்சம் இடங்கள் இருந்ததாகக் கூறுகிறது. அர்ஜுன் சென்குப்தா தலைமையிலான ஆணையம், உழைப்பாளரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் முறைசாராத் தொழிலாளரே என்று கண்டது. எனில், தேசியத் தொழிற்பயிற்சி என்பது அறுபதாண்டுக்காலம் மீதிச் சிறுபான்மையினரை நோக்கியே பேசியது என்றாகிறது.

2007இல் மத்திய அரசு கொண்டுவந்த கூறுமுறைத் தொழில்திறன் திட்டம் அந்த வாயிற்படியை முதன்முறையாகத் தாழ்த்தியது. குறைந்தபட்ச வயது 14. ஐந்தாம் வகுப்புப் படிப்பு போதும். ஏற்கெனவே தொழில் அறிந்தவர் பயிற்சியில் சேராமலேயே நேரடியாகத் தேர்வு எழுதிச் சான்று பெறலாம். எவரிடம் கற்றாய் என்று கேளாமல், என்ன தெரியும் என்று கேட்ட திட்டம் அது. நம் ஊர்களில் அதைப் பற்றி அறிந்தவர் மிகச் சிலரே.

2014இல் திறன் மேம்பாட்டுக்கெனத் தனி அமைச்சகம் அமைந்தது. 2015 ஜூலையில் பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா தொடங்கப்பட்டது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற பெயரில், கைத்திறனுக்குச் சான்றளிக்கும் ஏற்பாடு அதனுள் சேர்ந்தது. சிறுபான்மையினர்க்கு 2013இல் ‘சீக்கோ அவுர் கமாவோ’, 2015இல் ‘நயி மன்ஸில்’ என்று திட்டங்கள் வந்தன. பின்னது பள்ளிப்படிப்பை இடையில் விட்டோர்க்குப் படிப்பையும் தொழிலையும் சேர்த்துத் தர முனைந்தது. பெயர்கள் மாறிக்கொண்டேயிருந்தன, நம்மவர் ஒரு திட்டத்தின் பெயரைக் கற்றுக்கொள்வதற்குள் அது மற்றொன்றில் இணைந்துவிடும். எண்ணிக்கை இலக்கைத் துரத்திய குறுகிய காலப் பயிற்சிகளின் குறைகளை 2016இல் சாரதா பிரசாத் குழுவே எடுத்துக்காட்டியது. சில நாள் வகுப்பில் பெற்ற சான்றைக் கண்டு எந்த முதலாளியும் கூலியை உயர்த்திவிடுவதில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

2023 செப்டம்பரில் மத்திய அரசு 18 வகைக் கைத்தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியபோது, குடும்பத் தொழிலை அடிப்படையாகக் கொண்ட அதன் அமைப்பைத் தமிழக அரசு ஏற்கவில்லை. 1953ஆம் ஆண்டின் நினைவு இங்கு இன்னும் மங்கவில்லை என்பதற்கு இது சான்று. அதற்கு மாற்றாக 25 தொழில்களை உள்ளடக்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. அதில் குறைந்தபட்ச வயது 35. பரம்பரைத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

சபராளிகளும் சான்றும்

சான்றின் மதிப்பு நம் மஹல்லாக்களில் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் பாஸ்போர்ட்டு. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும் என்ற முறை ஏற்பட்டது. எளியவர் ஏமாற்றப்படாமல் காப்பதே இதன் நோக்கம். இவ்வனுமதி தேவையில்லாதோர் பட்டியலில், தேசிய அல்லது மாநிலத் தொழிற்பயிற்சிக் குழு ஏற்ற நிலையத்தில் ஈராண்டுப் பயிற்சி முடித்தோரும் இடம்பெற்றனர் என்பது பலருக்குத் தெரியாது. சவூதி அரசும் அண்மை ஆண்டுகளில் பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்றோரை இங்கேயே திறன் தேர்வு எழுதவைத்து அனுப்பும் முறையைக் கொண்டுவந்துள்ளது. இதனால் ‘ஹெல்பர்’ என்று விசா எடுத்துச் சென்று, அங்கே வெல்டர் வேலை செய்து, ஹெல்பர் சம்பளமே வாங்கிய நம் சகோதரர்களின் பழைய வழி அடைபட்டு வருகிறது. தேர்வில் தேறினால் தொழிலுக்குரிய பெயரோடு செல்லலாம். தேறாவிடில் செல்லவே இயலாது.

நம் பட்டறைகளில் உள்ளோர்க்கு மற்றொரு வழியும் உண்டு. ஐ.டி.ஐ.யில் படிக்காமல், தொழில் அனுபவத்தின் அடிப்படையில் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழில் தேர்வை எழுதலாம். தேறியவர்க்குக் கிடைப்பது தேசியத் தொழிற்சான்றிதழ். அறிவிப்பு வெளியாகும் காலத்தையும் எந்தப் பிரிவுகளுக்கு இடமுண்டு என்பதையும் மாவட்டத்திலுள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் கேட்டறியலாம். செய்முறைத் தேர்வு நம்மவர்க்கு எளிது. வரைபடமும் கணக்கும் அடங்கிய எழுத்துத் தேர்வுதான் கடினம். மாலை நேரத்தில் யாரேனும் ஓர் ஐ.டி.ஐ. ஆசிரியர் சில வாரம் சொல்லிக் கொடுத்தால் அதுவும் கைகூடும்.

அதற்கு முன் வேண்டியது அனுபவச் சான்று. இன்னார் இத்தனை ஆண்டுகள் என் பட்டறையில் இன்ன வேலை செய்தார் என்று உரிமையாளர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இவ்வாறு எழுதித்தர வேண்டிய பட்டறை உரிமையாளர் பலர் நம் ஜமாஅத்தின் உறுப்பினர்களே. அவர்களிற் பலரும் ஒரு காலத்தில் ‘பையன்’களாக அதே பட்டறைகளில் நுழைந்தவர்கள், பட்டறைப் பெயர் அச்சிட்ட கடிதத்தாள்கூட அவர்களிடம் இராது.